குளிர் வேண்டாம், பனி மட்டும் வேண்டும்!

மழை விட்டது, வானம் வெளுத்தது, லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே சான் கேப்ரியல் மலை முழுக்க வெள்ளை. வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். வேறு கேள்வி கேட்டவர்கள் பனி உருகும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கே அதற்கு அதிக நாள் ஆகாது.

ஆனஹைம் வாசகர்: அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் விடுகிறேன். தலையைத் தூக்கினால் பனிமலை. கண்ணை நம்புவதா, தோலை நம்புவதா?

இரண்டையும் நம்பலாம். ஆயிரம் அடி ஏறினால் வெப்பம் ஏறக்குறைய மூன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கும். புயல் நாளில் உங்கள் வாசலில் 55 டிகிரி என்றால், சுமார் 6,750 அடி உயரத்தில் இருக்கிற பிக் பேர் ஏரிக்கரையில் தண்ணீர் உறையும். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் மவுண்ட் பால்டியாக இருக்கும். பட்டாவில் உள்ள பெயர் மவுண்ட் சான் அன்டோனியோ. உயரம் 10,064 அடி, லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலேயே உச்சம். வானம் தெளிந்த நாளில் கடற்கரையில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியும். கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு உயரம் இருப்பதுதான் இந்த ஊரின் அதிர்ஷ்டம். குளிரை மேலே குடிவைத்துவிட்டு நாம் கீழே அரைக்கைச் சட்டையில் இருக்கலாம்.

டோரன்ஸ் வாசகர்: போன வாரம் மழை கொட்டித் தீர்த்தது. ஆசை ஆசையாக ரைட்வுட் போனால் சேறும் சகதியும்தான். இங்கே மழை என்றால் அங்கே பனி என்றார்களே?

எந்த ஊர் மழை என்று கேட்டிருக்க வேண்டும். ஹவாய்ப் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிற புயல் வெதுவெதுப்பானது. தண்ணீரைக் குடம் குடமாகக் கொட்டும். ஆனால் அது பனியாக விழுவது எட்டாயிரம், ஒன்பதாயிரம் அடிக்கு மேலேதான். அதற்குக் கீழே ஏற்கெனவே கிடந்த பனியையும் கழுவிவிட்டுப் போய்விடும். அலாஸ்கா வளைகுடாவிலிருந்து இறங்குகிற புயல் கஞ்சன். மழை குறைச்சல், குளிர் அதிகம். அது வந்தால் மூவாயிரம் அடியிலேயே வெள்ளை பிடித்துவிடும். ஆகவே எத்தனை அங்குலம் மழை என்று பார்த்துக் கிளம்பாதீர்கள். வானிலை அறிக்கையில் ‘ஸ்னோ லெவல்’ என்று ஒரு வரி இருக்கும், எந்த உயரத்துக்கு மேல் பனி விழும் என்று சொல்லும், அதைப் பாருங்கள். ரைட்வுட் மலையூர் ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரம். ஸ்னோ லெவல் ஏழாயிரம் என்றால் வீட்டிலேயே உட்கார்ந்து பஜ்ஜி போடலாம்.

அர்வைன் வாசகி: எந்தக் கிழமை போனால் நல்லது?

செவ்வாய். சனிக்கிழமை போனால் முன்னால் நிற்கிற காரின் நம்பர் பிளேட்டை மனப்பாடம் செய்துவிட்டுத் திரும்பலாம். அலுவலகத்துக்கு என்ன காரணம் சொல்வது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். என் ஆசிரியரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்.

டைமண்ட் பார் வாசகர்: ஒரே ஒரு நாளுக்காக டயர் செயின் வாங்க வேண்டுமா? வீட்டில் “தண்டச் செலவு” என்கிறார்கள்.

வாங்கத்தான் வேண்டும். கால்டிரான்ஸ் (மாநில நெடுஞ்சாலைத் துறை) ஆட்கள் மலை அடிவாரத்தில் பலகை வைப்பார்கள். ஆர்-1 என்று இருந்தால் செயின் மாட்ட வேண்டும், பனி டயர் உள்ளவர்களுக்கு விலக்கு. ஆர்-2 என்றால் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியாக இருந்து, நான்கிலும் பனி டயரும் இருந்தால் மட்டுமே விலக்கு. ஆர்-3 என்றால் மந்திரி வண்டிக்கும் செயின் உண்டு. பெரும்பாலும் அந்தக் கட்டம் வருவதற்குள் சாலையையே மூடிவிடுவார்கள். விலக்கு கிடைத்தாலும் செயின் டிக்கியில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால், “ஐயா, திரும்பிப் போங்கள்.”

வாங்கியதும் ஒருமுறை வீட்டு வாசலில், வெயிலில், மாட்டிக் கழற்றிப் பாருங்கள். ரன்னிங் ஸ்பிரிங்ஸ் ஏறுகிற 330-ஆம் சாலையோரத்தில் அதைப் படிக்க முடியாது. அங்கே சேற்றுப் பனியில் முட்டி போட்டு, சக்கரத்தின் உள்பக்கக் கொக்கியைக் கண்ணால் பார்க்காமல் விரலாலேயே தேட வேண்டும். கையுறை போட்டால் கொக்கி பிடிபடாது, கழற்றினால் விரல் விறைக்கும். உள்கொக்கி, வெளிக்கொக்கி, அப்புறம் இழுத்துக் கட்டுகிற ரப்பர். முடிந்தது என்று எழுந்து கொஞ்ச தூரம் ஓட்டினால் தொளதொளவென்று அடிக்கும். இறங்கி மறுபடியும் இறுக்க வேண்டும். இத்தனையும் நடக்கும்போது காருக்குள்ளிருந்து “அப்பா, ஸ்னோ எப்போ?” என்று ஒரு குரல் வரும்.

முன்சக்கரம் இழுக்கிற கார் என்றால் முன்சக்கரத்தில் மாட்டுங்கள். பின்னால் மாட்டிவிட்டு “ஏன் நகர மாட்டேன் என்கிறது?” என்று நிற்பவர்கள் வருஷா வருஷம் உண்டு. மாட்டிய பிறகு 25, 30 மைல் வேகத்துக்கு மேல் கூடாது. பனி இல்லாத தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிடுங்கள். வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள், செயின் மாட்டக்கூடாது என்று பலவற்றில் எழுதியிருக்கும். மாட்டாமல் வராதே என்கிறது சாலை, மாட்டவே மாட்டாதே என்கிறது ஒப்பந்தம். அந்த வழக்கில் தோற்பது நீங்கள்தான்.

சினோ ஹில்ஸ் வாசகர்: என் வண்டி ஆல் வீல் டிரைவ். எனக்கென்ன பயம்?

நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், சந்தோஷம். பிரேக் பிடித்தால் நான்கும் சேர்ந்து வழுக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

செரிட்டோஸ் வாசகி: திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்திருக்கிறார். பனி பார்க்கணும் என்கிறார், புடவைதான் கட்டுவேன் என்கிறார், ஷூ போட மாட்டேன் என்கிறார். மூன்றையும் எப்படிச் சேர்ப்பது?

முதல் இரண்டையும் சேர்க்கலாம். புடவைக்குள் தெர்மல் பேண்ட், மேலே ஜெர்கின், தலைக்கு மங்கி குல்லா. (நம் வீடுகளில் நவம்பர் பிறந்தாலே அதைத் தேடுகிற தலைமுறை அது. கடைசியில் அதற்குத் தகுந்த ஊருக்கே வந்துவிட்டார், மறுப்பு சொல்ல மாட்டார்.) மூன்றாவதில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். செருப்புக் காலில் பனி புகுந்தால் நனைந்த சாக்ஸோடு வீடு வந்து சேர வேண்டியதுதான். பூட்ஸ் வாங்க மனமில்லையென்றால் சாக்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் பை சுற்றி அதற்கு மேல் ஷூ. பார்க்கச் சகிக்காது, ஆனால் கால் காயும். முந்தானை நுனி தரையில் இழுபடாமல் செருகிவிடுங்கள், பனி அதன் வழியே ஊறி ஏறும். கறுப்புக் கண்ணாடியும் முகத்துக்கு சன்ஸ்கிரீனும் மறக்காதீர்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கீழே கடற்கரையில் கறுக்காத முகம் மேலே கறுத்துவிடும்.

பசடேனா வாசகர்: அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்கு மலைப்பாதை என்றால் வயிற்றைப் புரட்டும். எங்களுக்குப் பனி கிடையாதா?

உண்டு, கிழக்கே. நூறு மைல் ஓட்டிப் பாம் ஸ்பிரிங்ஸ் போங்கள். பாலைவனம். அங்கே சீனோ கேன்யனில் 1963-இல் திறந்த கம்பிவடத் தொட்டி வண்டி இருக்கிறது. 2,643 அடியில் கள்ளிச்செடிக்குப் பக்கத்தில் ஏறினால் பத்தே நிமிஷத்தில் 8,516 அடியில், பைன் மரத்துக்கு நடுவே பனியில் இறக்கிவிடும். போகும்போதே தொட்டியின் தளம் மெல்லச் சுழலும், ஆகவே ஜன்னலோர இடத்துக்குச் சண்டை இல்லை. செயின் இல்லை, கொண்டை ஊசி வளைவு இல்லை. மேலே கட்டடத்தில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் பார்த்ததுதான். கம்பிக்கால்களைத் தாண்டும்போது ஒரு ஆட்டம் ஆட்டும். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீங்களும் தயாராக இருங்கள்.

ஃபுல்லர்டன் வாசகர்: தமிழ் சினிமாவில் கதாநாயகி சிபான் புடவையில் பனியில் ஆடுகிறாரே, அவருக்குக் குளிராதா?

குளிரும். கம்பளி கேமராவுக்குப் பின்னால் காத்திருக்கும். கோட்டு, மப்ளர், பூட்ஸ் எல்லாம் கதாநாயகனுக்கு மட்டும் ஏன் என்று கேட்டிருந்தால் அது நல்ல கேள்வி.

லாங் பீச் வாசகர்: கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் பால்டி உச்சிக்கு ஏறலாம் என்றிருக்கிறோம். கோடையில் ஏறிய அனுபவம் உண்டு. என்ன கொண்டுபோகணும்?

தம்பி, இதற்கு மட்டும் கிண்டல் இல்லாமல் பதில். போக வேண்டாம்.

கோடையில் ஏறிய மலை வேறு, இது வேறு. பகல் வெயிலில் மேல்பனி இளகும், ராத்திரி மறுபடி இறுகும். இப்படி நாலு நாள் நடந்தால் சரிவு முழுக்கக் கண்ணாடிப் பாளம். பால்டி பவுல் என்கிற செங்குத்துச் சரிவிலும், டெவில்ஸ் பேக்போன் என்கிற குறுகிய முகட்டிலும் கால் வழுக்கினால் நிற்பதற்கு இடமே இல்லை. செருப்புக்கடையில் கிடைக்கிற சின்ன முள் போதாது. பெரிய முள் வைத்த கிராம்பான், பனிக்கோடாலி, அதைவிட முக்கியமாக, விழும்போது அந்தக் கோடாலியைக் குத்தி நிற்கிற பயிற்சி வேண்டும். ஆங்கில நடிகர் ஜூலியன் சாண்ட்ஸ் மலையேற்றத்தில் பழுத்தவர். 2023 ஜனவரி 13 அன்று இந்த மலையில் காணாமல் போனார். தேடுகிறவர்களையே பனிச்சரிவு அபாயம் பல நாள் திருப்பி அனுப்பியது. ஜூன் மாதம்தான் உடல் கிடைத்தது. நீங்கள் மான்கர் ஃபிளாட்ஸில் காரை நிறுத்தி, அடிவாரத்தில் பனி உருண்டை எறிந்து விளையாடிவிட்டு வாருங்கள். உச்சியை மே மாதம் பார்த்துக்கொள்ளலாம், அது எங்கும் போகாது.

பர்பேங்க் வாசகி: 2023-இல் ஹாலிவுட் எழுத்துகள் மேலேயே பனி விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். என் கணவர் அது பனியே இல்லை என்கிறார். யார் ஜெயித்தது?

கணவர். ஆனால் ஒரு புள்ளி வித்தியாசத்தில்தான். அந்தப் பிப்ரவரியில் அங்கே விழுந்தது கிராபெல். பனித்துகள் இறங்கி வரும் வழியில் அதன்மேல் நீர்த்துளிகள் ஒட்டி உறைந்து, ஜவ்வரிசி மாதிரி உருண்டையாகி விழும். விரலால் நசுக்கினால் நொறுங்கும், ஆலங்கட்டி நொறுங்காது. அடுத்த முறை சண்டை வந்தால் வாசலில் ஒரு பிடி எடுத்து நசுக்கிப் பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால், 1932 ஜனவரி 15 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்திலேயே இரண்டு அங்குலம் அசல் பனி விழுந்திருக்கிறது. இன்றுவரை அதுதான் சாதனை. கணவரிடம் அதைச் சொல்லிப் பேச்சை மாற்றுங்கள்.

க்ரெஸ்ட்லைன் வாசகர்: மலைமேல் குடியிருக்கும் அபூர்வத் தமிழன் நான். கீழேயிருந்து வருகிறவர்கள் என் வீட்டு வாசலை மறித்துக் காரை நிறுத்தி, என் தோட்டத்துச் சரிவில் சறுக்கி விளையாடி, உடைந்த ஸ்லெட்டைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஏதாவது எழுதுங்களேன்.

எழுதுகிறேன். மற்றவர்கள் காதைத் திருப்பி இங்கே வைக்கவும்.

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் 2023 பிப்ரவரி நினைவு வருகிறது. சான் பெர்னார்டினோ மலைகளுக்கு அப்போது விடுத்தது அந்தப் பகுதியைக் கவனிக்கிற வானிலை நிலையத்தின் வரலாற்றிலேயே முதல் பனிப்புயல் எச்சரிக்கை. கீழே நாங்கள் “ஆஹா, எவ்வளவு அழகு!” என்று படம் எடுத்துக்கொண்டிருந்தோம். மேலே சில இடங்களில் நூறு அங்குலத்துக்கு மேல் விழுந்து, வாசல் கதவைத் திறக்க முடியாமல், மருந்து கிடைக்காமல், ஒரு வாரத்துக்கும் மேலாக ஜனங்கள் சிறைப்பட்டார்கள். க்ரெஸ்ட்லைனில் மளிகைக்கடையின் கூரையே பாரம் தாங்காமல் உட்கார்ந்தது. ஆளுநர் நெருக்கடி நிலை அறிவித்தார். நமக்கு அது கண்காட்சி, உங்களுக்கு மண்வெட்டி வேலை.

ஆகவே வருகிறவர்களுக்கு: வெள்ளைக் கோட்டுக்கு வெளியே சக்கரம் நீட்டிக்கொண்டு நிறுத்தாதீர்கள், பனி வாரும் வண்டி போக வழியில்லாமல் ஊர் முழுக்க நின்றுவிடும். வேலி பனியில் புதைந்திருக்கலாம், அதனால் அந்த நிலம் புறம்போக்கு ஆகிவிடாது. ஸ்லெட் உடைந்தால் துண்டுகளைப் பொறுக்குங்கள். பனி உருகும், பிளாஸ்டிக் உருகாது. காட்டுக்குள் நிறுத்தப் பல இடங்களில் அட்வென்ச்சர் பாஸ் வேண்டும், நாளுக்கு ஐந்து டாலர். பிள்ளைகளுக்குச் சறுக்க வேண்டுமென்றால் காசு வாங்கிக்கொண்டு ரப்பர் டியூபில் உருட்டிவிடுகிற இடங்கள் பிக் பேரிலும் ரைட்வுட்டிலும் உண்டு. சாலையோரச் சரிவில் வேண்டவே வேண்டாம். சரிவின் முடிவில் இருப்பது சாலை.

ரிவர்சைடு வாசகர்: “காலையில் பனிச்சறுக்கு, மாலையில் கடல் அலை” என்று பீற்றிக்கொள்வது எப்போது ஆரம்பித்தது?

மனை விற்க ஆரம்பித்த நாளிலிருந்து. 1870-களில் உங்கள் ரிவர்சைடில் எலைசா டிபெட்ஸ் நட்ட விதையில்லா ஆரஞ்சுக் கன்றுகளில் ஒன்று இன்னும் வேலி போட்ட மண்ணில் நிற்கிறது, போய்ப் பாருங்கள். அந்த வகை பரவிய பிறகு தென் கலிபோர்னியா அச்சடித்த தபால் அட்டைகளில் பாதிக்கு ஒரே காட்சிதான்: முன்னால் ஆரஞ்சுத் தோப்பு, பின்னால் பனிமலை. சிகாகோவில் ஜனவரியில் நடுங்கிக்கொண்டிருப்பவன் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பானா? மூட்டையைக் கட்டினான். 1893-இல் பசடேனாவுக்கு மேலே மவுண்ட் லோ ரயிலும் ஓட ஆரம்பித்தது. மலைச்சரிவில் கம்பிவடம் இழுக்க எக்கோ மலைக்கு ஏறிப் பனியைத் தொட்டுவிட்டு, சாயங்காலம் தோப்புக்குள் வீடு திரும்பலாம். அந்த ரயில் 1938-இல் நின்றுபோனது. தோப்புகளும் பெரும்பாலும் வீடுகளாகிவிட்டன. பீற்றல் மட்டும் பாக்கி. ஒரே நாளில் இரண்டையும் செய்ய முடியுமா என்றால், முடியும். நடுவில் இருக்கிற நேரம் ஃப்ரீவேயில் போகும்.

தவுசண்ட் ஓக்ஸ் வாசகி: பிக்கப் டிரக் நிறையப் பனியை அள்ளிப்போட்டுக்கொண்டு கீழே போகிறார்களே, எதற்கு?

வீட்டுப் புல்வெளியில் கொட்டி, பேரன் பேத்திகளுக்கு அரைமணி நேரத் திருவிழா நடத்த. மலைக்கு வர முடியாத கிழவிக்கு வாசலிலேயே பனி. இந்த ஊரில் எனக்குப் பிடித்த பழக்கங்களில் இது ஒன்று. பாரம் சிந்தாமல் மூடிக்கொண்டு போனால் கையெடுத்துக் கும்பிடுவேன்.

டோரன்ஸ் வாசகர் (இன்னொருவர்): இவ்வளவு பனி உருகினால் இந்த வருஷம் குழாயில் தண்ணீருக்குப் பஞ்சமிருக்காதல்லவா?

நீங்கள் பார்க்கிற பனி வேறு, குடிக்கிற பனி வேறு. எதிரே தெரிகிற மலையின் உருகுநீர் சான் கேப்ரியல் பள்ளத்தாக்கில் மண்ணுக்குள் இறங்கி அந்தப் பக்கத்துக் கிணறுகளுக்கு உதவும். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் கண்ணுக்கே தெரியாத கிழக்கு சியரா மலைப் பனியை நம்பி இருக்கிறது. 1913-இல் வில்லியம் முல்ஹாலண்ட் வெட்டி முடித்த 233 மைல் கால்வாய் வழியாக அது வருகிறது. அந்தத் தண்ணீரை இழந்த ஓவன்ஸ் பள்ளத்தாக்கு விவசாயிகளைக் கேட்டால் ‘வருகிறது’ என்று சொல்ல மாட்டார்கள், ‘திருடினார்கள்’ என்பார்கள்.

அர்வைன் வாசகர்: என் பேரன் காலத்தில் இந்தப் பனி இருக்குமா?

இருக்கும், குறைவாக. இந்தப் பகுதி மலைகளைப் பற்றி யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தார் 2013-இல் கணக்குப் போட்டார்கள். புகை விடுவதை இப்போதுபோலவே தொடர்ந்தால், நூற்றாண்டின் நடுவில் பனி சுமார் 40 சதவீதம் குறையும் என்றார்கள். புயல்கள் வரும். ஸ்னோ லெவல் மேலே ஏறிக்கொண்டே போகும், அவ்வளவுதான். பனிச்சறுக்கு நடத்துகிறவர்கள் இப்போதே குளிர்ந்த ராத்திரிகளில் ஏரித்தண்ணீரைப் பீய்ச்சிப் பனி செய்கிறார்கள். பிக் பேரில் பக்கத்தில் காடு பச்சையாக இருக்க, சறுக்குப் பாதை மட்டும் ஒரு கோடு வெள்ளையாக இறங்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சான் டியாகோ வாசகி: எனக்குக் குளிரும் ஆகாது, கார்ப் பயணமும் ஆகாது. ஆனால் பனி பார்க்கணும்.

கேமரா இருக்கிறது. பிக் பேரில் ஜாக்கி, ஷேடோ என்று ஒரு ஜோடி வெண்தலைக் கழுகு. கூட்டுக்கு மேலே கேமரா வைத்து இரவும் பகலும் நேரலையில் காட்டுகிறார்கள். பெரும்பாலும் ஜனவரியில் முட்டையிடும். புயல் வந்தால் ஜாக்கி அசைய மாட்டாள். முதுகில் பனி ஏறி ஏறிக் கடைசியில் தலை மட்டும் தெரியும். அதையும் அவ்வப்போது ஒரு உதறு உதறுவாள். ஷேடோ மீனோ குச்சியோ கொண்டுவந்து, “கொஞ்ச நேரம் நான் உட்காரவா?” என்று சுற்றிச் சுற்றி வருவான். அவள் இடம் கொடுக்க மாட்டாள். 2024-இல் மூன்று முட்டை, ஒன்றும் பொரிக்கவில்லை. 2025 மார்ச்சில் மூன்று குஞ்சு வந்து, ஒரு புயல் ராத்திரியில் ஒன்று போய், இரண்டு பிழைத்துப் பறந்தன. போர்வைக்குள் காப்பியோடு பாருங்கள். ஒரு எச்சரிக்கை: அன்றைக்கு வீட்டில் சமையல் நடக்காது.

ஆனஹைம் வாசகி: புதுப்பனியை அள்ளி நன்னாரி சர்பத் ஊற்றிச் சாப்பிட்டோம். தப்பா?

வெள்ளையாக இருந்ததா? அப்போது சரி. சாலையோரத்தில் அள்ளியதா? அப்போது புகையும் டயர்த்தூளும் சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறீர்கள். சர்பத் நல்லதாக இருந்திருக்கும்.

செரிட்டோஸ் வாசகர்: பனிமனிதனுக்கு மூக்கு வைக்கக் கேரட் கொண்டுபோக மறந்துவிட்டோம். தயிர்சாதத்துக்கு வைத்திருந்த மோர்மிளகாயைச் செருகிவிட்டோம். மரபு மீறலா?

மூக்கு சற்றுச் சப்பை, பரவாயில்லை, நம்ம சாயல். வரும்போது அதைக் கழற்றி எடுத்து வந்தீர்களா என்பதுதான் கேள்வி. அங்கே அணில்கள் உண்டு. அவற்றுக்கு மோர்மிளகாய் பழக்கமில்லை.